‘எம். பட்டர்ஃப்ளை’ நாடகத்தில் இனமும் பாலினமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க நாடகாசிரியர் டேவிட் ஹென்றி ஹ்வாங்கின் ‘எம். பட்டர்ஃப்ளை’ நாடகத்தைப் படிப்பவர்களும், வகுப்பில் நடத்துபவர்களும், மேடையேற்ற நினைப்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறோம். கதையின் முடிவு மறைக்கப்படவில்லை.

இதைப் படிக்கும் முன் புச்சினியின் ஓபராவைப் பார்த்திருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. நாடகம் தலைகீழாக்கும் அந்த ஓபராவின் கதை தெரிந்திருந்தால் போதும்.

இத்தாலிய இசையமைப்பாளர் ஜியாகோமோ புச்சினியின் ‘மடாமா பட்டர்ஃப்ளை’ 1904 பிப்ரவரி 17 அன்று மிலான் நகரின் லா ஸ்கலா அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. அமெரிக்கக் கடற்படை லெப்டினன்ட் பிங்கர்ட்டன் நாகசாகியில், கோரோ என்ற தரகன் மூலம் ஒரு வீட்டையும் 15 வயது சோ-சோ-சானையும் சேர்த்தே பெறுகிறான். வீட்டுக் குத்தகை 999 ஆண்டு, ஆனால் எந்த மாதமும் ரத்து செய்துகொள்ளலாம். கல்யாணமும் அதே நிபந்தனையில்தான் நடக்கிறது. தரகனுக்குக் கைமாறுவது 100 யென். சோ-சோ-சான் அவனுக்காக மதம் மாறுகிறாள், உறவினர்கள் அவளை ஒதுக்கிவைக்கிறார்கள். அவன் கப்பலேறிவிடுகிறான். மூன்று ஆண்டு கழித்து அமெரிக்க மனைவியோடு திரும்பி வருகிறான், தனக்குப் பிறந்த பிள்ளையைக் கொண்டுபோவதற்காக. பிள்ளையைக் கொடுத்துவிட்டு, அப்பாவின் கத்தியால் அவள் உயிரை விடுகிறாள்.

ஹ்வாங்கின் நாடகம் 1988 மார்ச் 20 அன்று நியூயார்க்கின் பிராட்வே மேடைக்கு வந்தது. பாரிஸ் சிறையில் இருக்கும் முன்னாள் பிரெஞ்சுத் தூதரக அதிகாரி ரெனே கலிமார் தன் கதையைப் பார்வையாளர்களிடம் சொல்கிறார். 1960இல் பெய்ஜிங்கில் சோங் லிலிங் என்ற பாடகரைச் சந்தித்து, ‘என் பட்டர்ஃப்ளை கிடைத்துவிட்டாள்’ என்று நம்பி இருபது ஆண்டு உறவு வைத்திருந்தவர். சோங் ஒரு ஆண், அதோடு சீன அரசின் உளவாளி. கடைசியில் பட்டர்ஃப்ளை உடையை அணிந்து, கத்தியை எடுத்துக்கொண்டு சாவது கலிமார்தான். ஆண் உடையில் பக்கத்தில் நிற்கும் சோங்கின் வாயில் இப்போது ‘பட்டர்ஃப்ளை’ என்ற பிங்கர்ட்டனின் கூப்பாடு.

இது உண்மையாக நடந்ததா?

வித்து உண்மை. பிரெஞ்சுத் தூதரக ஊழியர் பெர்னார் பூர்சிகோ, சீனப் பாடகர் ஷி பெய் பு இருவரும் உளவுக் குற்றத்துக்காக 1986இல் பாரிஸில் தலா ஆறு ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார்கள். மறு ஆண்டே இருவருக்கும் மன்னிப்பு வழங்கப்பட்டது. ஹ்வாங் அந்தச் செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு, மேற்கொண்டு ஆராய்வதை வேண்டுமென்றே தவிர்த்தார். ஆகவே நாடகத்தில் கலிமார் வியட்நாம் போர் பற்றிச் சொல்லும் ஆலோசனைகளையோ பிற பாத்திரங்களையோ அந்த இருவரின் வாழ்க்கை வரலாறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கட்டுரை எழுதும் மாணவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது.

இன வார்ப்பு, பாலின வார்ப்பு இரண்டையும் ஏன் சேர்த்தே பேச வேண்டும்? தனித்தனியாகப் பார்க்கக் கூடாதா?

ஸ்டீரியோடைப் என்பதை இங்கே ‘வார்ப்பு’ என்கிறோம். ஒரு கூட்டத்தார் எல்லோரையும் ஒரே அச்சில் ஊற்றிப் பார்க்கும் பழக்கம் அது.

இந்த நாடகத்தில் இரண்டையும் பிரித்தால் மையமே கையை விட்டுப் போய்விடும். ‘ஆசியர்கள் பணிவானவர்கள்’ என்று ஒரு வார்ப்பும் ‘பெண்கள் பணிவானவர்கள்’ என்று இன்னொரு வார்ப்பும் கலிமாரின் தலையில் தனித்தனியாக இல்லை. மேற்கு என்றால் ஆண், கிழக்கு என்றால் பெண்; கிழக்கு வாயால் ‘வேண்டாம்’ என்றாலும் உள்ளூர ‘வேண்டும்’ என்கிறது. இது ஒரே நம்பிக்கை. மூன்றாம் அங்கத்தில் நீதிபதி முன் நின்று சோங் சொல்லும் விளக்கத்தின் சாரம் இதுதான். அதன்படி ஆசியன் எவனும் முழு ஆணாக இருக்கவே முடியாது. அதனால்தான் கலிமார் கண்ணெதிரே இருந்த ஆணை இருபது ஆண்டு பார்க்கவில்லை. இன வார்ப்பே பாலினத்தை மறைத்துவிட்டது.

அந்த நம்பிக்கை படுக்கையறையோடு நிற்பதில்லை. கலிமார் வேண்டுமென்றே சில வாரம் சோங்கைப் பார்க்கப் போகாமல் இருக்கிறார். சோங்கிடமிருந்து கடிதம் மேல் கடிதம் வருகிறது, கடைசிக் கடிதத்தில் தன் மானத்தையே உங்களிடம் கொடுத்துவிட்டேன் என்கிறார் சோங். அந்த வெற்றியின் மிதப்பு அலுவலகத்திலும் தெரிகிறது. தூதர் துலோன் அவருக்குப் பதவி உயர்வு தருகிறார். அந்தப் பதவியில் உட்கார்ந்துகொண்டு, கிழக்கத்தியர் பெரிய பலத்துக்கு எப்போதும் பணிவார்கள், அமெரிக்கா வியட்நாமில் உறுதியைக் காட்டினால் போதும் என்று ஆலோசனை சொல்கிறார். வியட்நாம் பணியவில்லை. கலிமார் பாரிஸுக்குத் திருப்பி அனுப்பப்படுகிறார். காதலியைப் பற்றிய கணிப்பும் ஒரு நாட்டைப் பற்றிய கணிப்பும் ஒரே காரணத்தால் பொய்க்கின்றன. நாடகத்தின் மிக வலுவான கட்டுமானம் இந்த இடம்தான். நேரத்தை மிச்சப்படுத்த இந்தத் தூதரகக் காட்சிகளை வெட்டத் தோன்றலாம். வெட்டினால் மிஞ்சுவது ஏமாந்த ஒருவரின் துணுக்குச் செய்தி மட்டும்.

பட்டர்ஃப்ளை என்ற வார்ப்பு எங்கிருந்து வந்தது?

புச்சினியிடம் தொடங்கவில்லை. ஜப்பானின் ஒப்பந்தத் துறைமுகங்களில் (ஒப்பந்தப்படி வெளிநாட்டாருக்குத் திறந்துவிடப்பட்டவை) வெளிநாட்டுக் கடற்படையினர் தரகர் மூலம் தற்காலிகமாகக் கல்யாணம் செய்துகொள்வது நடைமுறையில் இருந்தது. பியர் லோட்டி என்ற பெயரில் எழுதிய பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி 1885இல் நாகசாகியில் அப்படி ஒரு பெண்ணோடு இருந்தார். 1887இல் அதை நாவலாக்கினார். அடுத்து அமெரிக்கரான ஜான் லூதர் லாங் 1898இல் ஒரு சிறுகதை எழுதினார். டேவிட் பெலாஸ்கோ அதை 1900இல் ஓரங்க நாடகமாக்கினார். லண்டனில் அதைப் பார்த்த புச்சினி 1904இல் ஓபராவாக்கினார்.

இந்த நான்கையும் அடுக்கி வைத்து முடிவை மட்டும் பாருங்கள். லோட்டியின் நாவலில் அந்தப் பெண் சாகவில்லை. விடைபெற வரும் நாயகன் பார்ப்பது, தான் கொடுத்த வெள்ளி நாணயங்களைச் சுத்தியலால் தட்டிச் சோதித்து எண்ணிக்கொண்டிருக்கும் பெண்ணை. லாங்கின் கதையில் அவள் சாக முயன்று, பிழைத்து, பிள்ளையோடு வீட்டைக் காலிசெய்துவிட்டுப் போகிறாள். பிங்கர்ட்டனின் மனைவி வந்து பார்க்கும்போது வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. மேடைக்கு வந்த பிறகுதான் பெலாஸ்கோ அவளைச் சாகடித்தார். புச்சினி அந்தச் சாவுக்கு இசை கொடுத்தார். பதினேழு ஆண்டில், காசை எண்ணிச் சரிபார்க்கும் ஒரு பெண் காதலுக்காக உயிரைக் கொடுக்கும் பெண்ணாக மாற்றப்பட்டிருக்கிறாள். ஐரோப்பிய, அமெரிக்கப் பார்வையாளர்களுக்கு எந்தப் பெண் தேவைப்பட்டாள் என்பது இந்த வரிசையிலேயே தெரிகிறது.

இந்த அச்சு ஜப்பானுக்கு மட்டும் உரியதல்ல. லியோ தெலீப் 1883இல் பாரிஸில் மேடையேற்றிய ‘லக்மே’ ஓபராவில் அந்தப் பெண் இந்தியாவைச் சேர்ந்தவள், நீலகண்டா என்ற பிராமணப் பூசாரியின் மகள். காதலன் பிரிட்டிஷ் அதிகாரி. அவன் தன் படைக்கே திரும்பப்போகிறான் என்று உணர்ந்ததும் அவள் ஊமத்தையைத் தின்று சாகிறாள். 1989இல் லண்டனில் வந்த ‘மிஸ் சைகோன்’ இசை நாடகம் அதே கதையை 1975ஆம் ஆண்டு வியட்நாமுக்குக் கொண்டுபோனது. அங்கும் மகன் அமெரிக்கா போவதற்காகத் தாய் சாகிறாள்.

அப்படியானால் புச்சினியின் ஓபரா இனவெறிப் படைப்பா?

ஒரு சொல்லில் தீர்ப்புச் சொல்ல முடியாது. காரணம் அதன் பதிப்பு வரலாறு.

முதல் இரவில் ஓபரா படுதோல்வி. அந்த முதல் பதிப்பில் பிங்கர்ட்டன் இன்னும் திமிர் பிடித்தவன். வேலைக்காரர்களின் பெயர்களைக் கேட்டுவிட்டு, முதல் மூஞ்சி, இரண்டாம் மூஞ்சி, மூன்றாம் மூஞ்சி என்று கூப்பிடுகிறான். 1904 மே 28 அன்று பிரெஷா நகரில் திருத்திய பதிப்பு வென்றது. அதில் வீட்டுக்குப் பிரியாவிடை சொல்லி வருந்தும் ஒரு பாடல் அவனுக்காகச் சேர்க்கப்பட்டது. 1906இல் பாரிஸ் மேடைக்காக இன்னும் மழுங்கடித்தார்கள். இன்று பெரும்பாலான அரங்குகளில் கேட்பது அதற்குப் பின் நிலைபெற்ற பதிப்பு. லா ஸ்கலா 2016 டிசம்பரில் ரிக்கார்தோ ஷையி நடத்த 1904ஆம் ஆண்டு முதல் பதிப்பை மீட்டெடுத்து அரங்கேற்றியது. இரண்டையும் ஒப்பிட்டால், இனத் திமிர் வெளிப்படையாக இருக்கும் பதிப்பே அவனைக் கடுமையாகக் குற்றம் சாட்டுகிறது. மென்மையான பதிப்பில் அவன் தப்பித்துக்கொள்கிறான். வசைச்சொற்களை நீக்கிவிட்டால் வார்ப்பும் நீங்கிவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எங்கள் பார்வையில், கதை பிங்கர்ட்டனைக் கண்டிக்கிறது. இசை அவளுடைய சாவை அழகாக்குகிறது. பார்வையாளர் வீட்டுக்கு எடுத்துப்போவது இசையைத்தான். ஹ்வாங்கின் கேள்வி எழுவதும் அந்த இடத்திலிருந்தே.

‘மாற்றிப் போட்டுப் பார்க்கும் சோதனை’ என்றால் என்ன? எப்படிச் செய்வது?

நாடகமே கற்றுத்தரும் சோதனை இது. முதல் சந்திப்பில் கலிமார் பட்டர்ஃப்ளையின் தியாகத்தைப் புகழ்கிறார். சோங் திருப்பிக் கேட்பதன் சாரம்: பொன்னிற முடியுள்ள அமெரிக்க அழகி ஒருத்தி குள்ளமான ஜப்பானிய வியாபாரியைக் காதலித்தாள். அவன் ஊருக்குப் போய் மூன்று ஆண்டு திரும்பவில்லை. அவள் அவன் படத்தை வைத்துக் கும்பிட்டாள், கென்னடி குடும்பத்துப் பையனைக்கூட வேண்டாம் என்றாள், அவன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான் என்று தெரிந்ததும் செத்துப்போனாள். இதை அழகு என்பீர்களா, பைத்தியம் என்பீர்களா?

எந்தக் கலப்புக் காதல் கதைக்கும் இதைச் செய்யலாம். கதையை ஐந்து வாக்கியத்தில் எழுதுங்கள். பெயர் வேண்டாம், இனம், பால், வயது, தொழில் மட்டும் போதும். முதலில் இனத்தை மட்டும் மாற்றி வாசியுங்கள். பிறகு பழையபடி வைத்துவிட்டு, பாலை மட்டும் மாற்றுங்கள். கடைசியில் இரண்டையும் மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் எந்த வாக்கியம் சிரிப்பு வரவழைக்கிறது, எது நம்ப முடியாமல் போகிறது என்று அடிக்கோடிடுங்கள். வார்ப்பு அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது. எடுத்த எடுப்பில் இரண்டையும் மாற்றினால், உறுத்துவது இனமா பாலா என்று பிரித்தறிய முடியாது. பலர் செய்யும் பிழை அது.

இன்னொன்று. ஆளை மாற்றினால் அதிகாரமும் தானாக மாறிவிடாது. அமெரிக்காவோடு செய்த 1858 ஒப்பந்தத்திலிருந்து 1899 வரை ஜப்பானில் குற்றம் செய்த அமெரிக்கரை அமெரிக்கத் தூதரக நீதிமன்றம்தான் விசாரிக்க முடியும். ஜப்பானிய நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை. பிங்கர்ட்டன் போன்றவர்களின் அலட்சியத்துக்குப் பின்னால் கப்பல், பணம், சட்டம் மூன்றும் நிற்கின்றன. ஆகவே மாற்றி எழுதும்போது, ‘யார் யாரைச் சட்டப்படி கேள்வி கேட்க முடியும்?’ என்ற ஆறாவது வாக்கியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வார்ப்பைக் கண்டிப்பதாகச் சொல்லும் நாடகமே புதிய வார்ப்பை உருவாக்குகிறதே?

நியாயமான குற்றச்சாட்டு. ஆசிய அமெரிக்க விமர்சகர்கள் சிலர் தொடக்கத்திலிருந்தே இதைச் சொல்லி வந்திருக்கிறார்கள். ஆசிய ஆண் என்றால் பெண் தன்மை உள்ளவன், வஞ்சகன் என்ற பழைய அமெரிக்கப் படிமத்துக்குள் சோங் கச்சிதமாகப் பொருந்துகிறார். தோழர் சின் என்ற கட்சிக்காரப் பெண் முரட்டுக் கேலிச்சித்திரமாகவே நின்றுவிடுகிறார். கலிமாரின் மனைவி ஹெல்காவுக்கும் அகவாழ்க்கை என்று பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. வெள்ளை ஆணின் மனம்தான் மேடையின் நடுவில்.

நாடகத்தின் தரப்பில் சொல்ல வேண்டியது, கதைசொல்லி கலிமார் என்பது. நாம் பார்ப்பது அவர் தலைக்குள் இருக்கும் சோங். சோங் அந்தத் தலையை மீறி வெளியே வர முயலும் இடங்கள் இருக்கின்றன. கலிமார் ‘இந்தக் காட்சி வேண்டாம்’ என்று கெஞ்சியும் சோங் விடுவதில்லை. தோழர் சின்னைப் பொறுத்தவரை இந்த வாதம் போதாது. அந்தக் காட்சிகளில் கலிமார் உடனிருந்ததே இல்லை. எழுத்தே மெலிந்திருக்கிறது என்பதுதான் எங்கள் முடிவு. நல்ல நடிகை ஒருவர் சின்னைச் சிரிப்புக்காக நடிக்காமல், மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய ஊழியராக நடித்தால் பாதிக் குறை தீரும்.

சீன ஓபராவில் ஆண்கள் பெண் வேடம் போடுவார்கள் என்பது கலிமாருக்குத் தெரியாதா?

தெரிந்துகொள்ள முயலவில்லை. பெய்ஜிங் ஓபராவில் பெண் பாத்திரம் ‘தான்’ எனப்படும். நெடுங்காலம் அதை ஆண்களே ஏற்றார்கள். மெய் லான்ஃபாங் (1894–1961) அதில் உலகப் புகழ் பெற்றவர். தெருக்கூத்தில் பெண் வேடம் கட்டும் ஆண்களையும், நாடகக் கம்பெனிகளின் ஸ்திரீபார்ட் நடிகர்களையும் அறிந்த தமிழ்ப் பார்வையாளருக்கு இது வியப்பே தராது. பெய்ஜிங்கில் வேலை பார்த்த தூதரக அதிகாரிக்குத் தெரியவில்லை என்பதே அவரைப் பற்றிய சான்று. முதல் சந்திப்பில் அவருடைய அறியாமை இன்னொரு விதத்திலும் வெளிப்படுகிறது. ஜப்பானியப் பெண்ணாகச் சீனர் ஒருவர் பாடியது மிக இயல்பாக இருந்தது என்று அவர் பாராட்ட, போரில் ஜப்பானியர் எங்கள் மக்கள் நூற்றுக்கணக்கானோர் மேல் மருத்துவச் சோதனை நடத்தினார்கள் என்று சோங் நினைவூட்டுகிறார். கலிமாருக்கு இரண்டும் ஒரே ‘கிழக்கு’.

‘தான்’ நடிகரையும் திருநங்கையரையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. முன்னது மேடைத் தொழில். விளம்பரத்திலும் அறிமுக உரையிலும் இந்தக் குழப்பம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேடையேற்றும்போது எங்கெல்லாம் தவறு நேரும்?

முதலில் ஒப்பனை. கண்ணை இழுத்து ஒட்டுவது, தோலுக்கு மஞ்சள் பூசுவது, உடைந்த உச்சரிப்பில் பேசுவது ஆகிய மூன்றும் வேண்டவே வேண்டாம். ‘மிஸ் சைகோன்’ லண்டன் மேடையில் ஜொனதன் பிரைஸ் கண்ணுக்குச் செயற்கை ஒட்டும் தோலுக்குப் பூச்சும் போட்டு, பாதி வியட்நாமியரான தரகனாக நடித்தார். அதே நடிகர் பிராட்வேக்கு வருவதை அமெரிக்க நடிகர் சங்கம் 1990 ஆகஸ்டில் தடுத்து, சில நாளிலேயே பின்வாங்கியது. எதிர்ப்புத் தெரிவித்தவர்களில் ஹ்வாங்கும், முதல் சோங்காக நடித்த பி. டி. வோங்கும் இருந்தார்கள். சீன நடிகர் கிடைக்காத ஊரில் நடத்துபவர்கள் சொந்த முகத்தோடு நடிப்பதே மேல். சோங்கின் மேடை ஒப்பனை என்பது கதைக்குள்ளேயே பூசி அழிக்கப்படும் ஒப்பனை. அதை மட்டும் கவனமாகக் கற்றுச் செய்யுங்கள்.

ஜப்பானிய உடையான கிமோனோவில் இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேல் வர வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் அப்படித்தான். வலம் இடத்தின் மேல் வருவது பிணத்துக்கு உடுத்தும் முறை. கண்ணாடியைப் பார்த்து உடுத்தும்போதும், படத்தைத் திருப்பி அச்சிடும்போதும் இந்தப் பிழை நேர்கிறது. இடுப்புப் பட்டையின் முடிச்சு முன்பக்கம் வந்தால் அது பழங்காலக் கணிகையர் பாணி. ஓபராவை நடத்துபவர்களுக்கு இன்னொரு குறிப்பு: வறுமையில் மூன்று ஆண்டு காத்திருக்கும் பெண் இரண்டாம் அங்கத்தில் முழு வெள்ளைப் பூச்சோடு நிற்பதற்குக் காரணமே இல்லை. லண்டன் ராயல் ஓபரா ஹவுஸ் தன் பழைய தயாரிப்பை 2022இல் மறுபரிசீலனை செய்தபோது மாற்றியவற்றில் ஒப்பனையும் பொய்முடியும் உண்டு.

இரண்டாம் அங்க முடிவில் சோங் பார்வையாளர் முன்னாலேயே ஒப்பனையைக் கலைக்கிறார். ஐந்து நிமிடம் ஆகும், வேண்டுமானால் எழுந்து போய் வாருங்கள் என்று அவரே சொல்கிறார். விளக்கை அணைத்து இதை அவசரமாக முடிக்காதீர்கள். பெண்மை என்று நாம் நம்பியது எவ்வளவு வேலைப்பாடு என்பதைப் பார்வையாளர் கண்ணால் பார்க்கும் நிமிடங்கள் அவை. ஒத்திகையில் கடிகாரம் வைத்துப் பழகுங்கள். தலையலங்காரம் எடுப்பதற்குத்தான் எதிர்பாராத நேரம் பிடிக்கும்.

சோங்கின் குரலைக் கீச்சுக்குரலாக்கினால் மொத்த நாடகமும் கேலிக்கூத்தாகிவிடும். கலிமாரைக் கோமாளியாக்கினாலும் அப்படியே. பார்வையாளர் ‘நாமாக இருந்தால் ஏமாந்திருக்க மாட்டோம்’ என்று ஆறுதல் பட்டுக்கொள்ளும் கணமே நாடகம் தோற்றுவிடுகிறது.

2017 பதிப்பில் என்ன மாறியது?

ஜூலி டேமோர் இயக்கத்தில் கிளைவ் ஓவென், ஜின் ஹா நடித்த அந்தத் தயாரிப்புக்காக ஹ்வாங் பிரதியைத் திருத்தினார். அசல் வழக்கில் உள்ளதுபோல, சோங் ஆணாக அறிமுகமாகி, ‘நான் ஆணாக வளர்க்கப்பட்ட பெண்’ என்று கலிமாரை நம்பவைக்கிறார். 1988இல் சோங் ஆண் என்பது அதிர்ச்சி. நடிகரின் பெயரைக்கூட பால் தெரியாதபடி முதலெழுத்துகளோடு அச்சிட்டார்கள். இப்போது அந்த ரகசியம் ஊருக்கே தெரியும். முதன்முறை படிப்பவர்கள் 1988 பிரதியில் தொடங்குங்கள்; அதன் கட்டு இறுக்கமானது.

தமிழில் மொழிபெயர்த்து நடத்தலாமா?

ஓபராவுக்குத் தடை இல்லை. புச்சினி 1924இல் இறந்தார். பாடல் வரிகளை எழுதிய இல்லிக்கா 1919இலும் ஜியாகோசா 1906இலும் இறந்தார்கள். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கழிந்தால் பதிப்புரிமை முடிகிறது. ஆனால் இத்தாலியனிலிருந்து வந்த அண்மைக்கால ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்துத் தமிழாக்கினால் அந்த மொழிபெயர்ப்பாளருக்கு உரிமை இருக்கக்கூடும்.

‘எம். பட்டர்ஃப்ளை’ உரிமையுள்ள படைப்பு. மொழிபெயர்ப்புக்கும் மேடையேற்றத்துக்கும் தனித்தனியாக எழுத்துமூல அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பத்தில் எந்தப் பதிப்பு, எத்தனை காட்சி, எத்தனை இருக்கை, கட்டணம் உண்டா என்பதைக் குறிப்பிடுங்கள். வசனத்தை வெட்டும் எண்ணம் இருந்தால் அதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். மூன்றாம் அங்கத்தில் சோங் ஆடை களையும் காட்சியை எப்படிக் காட்டப்போகிறீர்கள் என்பதை நடிகரோடும் அரங்க நிர்வாகத்தோடும் முன்கூட்டியே பேசி முடித்து, எழுதியும் வைத்துக்கொள்ளுங்கள்.